ஒன்பதாம் வளைவும் ஏழு வண்டிகளும்

முத்திரை ஆய்வாளருக்கு அச்சில் வந்த எண் எதன்மீதும் நம்பிக்கை கிடையாது. காலண்டரில் தேதி கிழிக்கும்போதுகூட வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிழிப்பார். கடை கடையாகப் போய்த் தராசு, எடைக்கல், லிட்டர் குவளை எல்லாவற்றையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், இல்லையென்றால் பறிமுதல் செய்வதும் அவர் உத்தியோகம். இருபத்து மூன்று வருடங்களாக இதே வேலை. சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்துபோய் 'முத்திரை' என்பதே பெயராகிவிட்டது. ஒருமுறை வங்கியில் அவரே அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வங்கியும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. தெருமுனையில் அவர் தலை தெரிந்தால் தராசு முள் தானாக நடுவில் வந்து நிற்கும் என்று சொல்வது மிகை. இரண்டு கடைகளில் மட்டும்தான் அப்படி நடந்தது.

அவருக்குப் பெண் கொடுத்தவரும் அளக்கிற ஆள்தான். மலை உச்சியில் இருந்த வானிலை நிலையத்தில் மழையை அளந்து எழுதுவது மாமனாரின் வேலை. முத்திரை முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போன அன்று, கொடுத்த காப்பியைக் குடிக்கும் முன்பே மழைமானியின் வாயை அளந்து பார்த்து, இரண்டு மில்லிமீட்டர் அகலம் கூடுதல் என்று சொன்னார். மாமனார் மழைமானியை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு, "அப்ப பதினெட்டு வருஷமா வானத்துகிட்ட கூடுதலா வாங்கியிருக்கேன்னு சொல்லுங்க" என்றார். அன்றைக்கே மகளை இவருக்குத்தான் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டார்.

இந்த வருடம் கோடை தொடங்கும்போது அதே மழைமானியின் படியில் மாமனார் சறுக்கி விழுந்தார். முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கிவிட்டது. உட்கார முடியாது, படுக்கலாம். வாரம் ஒருமுறை மேலே சாமான் கொண்டு போகும் டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்த டாக்டர் முத்திரையின் மனைவியிடம் சுருக்கமாகச் சொன்னார்.

"மழைக்கு முன்னாடி கீழ கொண்டு வந்துடுங்கம்மா. இங்க சரி பண்ணிடலாம். மேலயே படுத்துக் கெடந்தா நெஞ்சுல சளி கட்டும், அப்புறம் முதுகைப் பத்திப் பேசவே வேண்டியிருக்காது."

மழைக்கு நாலு மாதம் இருந்தது.

ஆம்புலன்ஸ் என்றதும் மாமனார் போனிலேயே மறுத்துவிட்டார். "அதுல ஏறிப் போனவங்க யாரும் திரும்பி வந்து மழை அளந்ததில்ல. டிராக்டரும் ஆகாது, குலுக்குற குலுக்குல மிச்ச எலும்பும் கழண்டுடும். நீங்க அஞ்சு பேரும் ஒரு வண்டியில வாங்க. குடும்பத்தோட எறங்கி வர்றேன்."

அந்த ஐந்து பேர் முத்திரை, அவர் மனைவி, வளர்ந்த இரண்டு மகள்கள், மனைவியின் தம்பி. வீட்டுக்கு ஒரு வண்டி வாங்குவது என்று முன்பே பேச்சு இருந்தது. ஏழு பேர் உட்காரும் வண்டியாக வாங்கி, இடப்பக்கம் இரண்டு வரிசை இருக்கைகளையும் மடக்கிப் போட்டால் ஒருவர் நீட்டிப் படுக்கலாம். மீதி இடத்தில் ஐந்து பேர் உட்காரலாம். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது.

மாமனார் படுத்தபடியே பாதையின் அளவுகளைச் சேகரித்தார். டிராக்டர்காரனிடம் ஒரு அளவுகோலைக் கொடுத்து விரட்டியிருக்கிறார். பிறகு போனில் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"எழுதிக்கோங்க மாப்ள. ஒன்பதாவது வளைவுல நடுவுல துருத்திக்கிட்டு ஒரு கல்லு. நூத்தி எழுபத்தஞ்சு மில்லிமீட்டர். அதைவிட உசந்த கல்லு வழியில இல்ல. ஓடையில தண்ணி முந்நூத்தி எம்பது. பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவுல ரொம்பக் குறுகலான எடம் ரெண்டு மீட்டர் பத்து. ஏத்தம் அஞ்சுக்கு ஒண்ணு. நான் தலையிலேருந்து கால் வரைக்கும் நூத்தி அறுபத்தேழு. படுத்தா ஒரு சென்டிமீட்டர் கூடுதலாயிருப்பேன், அதையும் சேத்துக்கோங்க."

முத்திரை நீள நோட்டின் முதல் பக்கத்தில் அதையெல்லாம் எழுதினார். இரண்டாம் பக்கத்திலிருந்து மூன்று கட்டங்கள் போட்டார்: நிறுவனம் சொன்னது, நான் அளந்தது, வித்தியாசம்.

முதல் ஷோரூமில் கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளன் கதவைத் திறந்துவிட்டு, தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடைவெளி இருநூற்றுப் பத்து மில்லிமீட்டர் என்றான். முத்திரை குடும்பத்தை உள்ளே ஏற்றினார். மாமனாரின் எடைக்கு ஒரு மணல் மூட்டையையும் ஏற்றினார். பளபளக்கும் தரையில் மல்லாந்து படுத்து, டேப்போடு வண்டிக்கடியில் நுழைந்தார்.

"நூத்தி எண்பத்து மூணு" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"சார், அது காலி வண்டிக்குச் சொல்ற கணக்கு."

"காலி வண்டி எங்க போவும்?"

"எங்கயும் போவாதுங்க சார்."

"அப்ப அதுக்கு எதுக்குத் தம்பி எடைவெளி?"

பின்பக்கச் சாமான் இடம் நானூற்று எண்பது லிட்டர் என்று விளம்பரப் புத்தகத்தில் போட்டிருந்தது. அதையும் விட மனசில்லை. பொட்டலம் கட்டப் பயன்படும் தெர்மாகோல் மணிகளை நாலு சாக்கில் கொண்டு வந்து, முத்திரை குத்திய லிட்டர் குவளையால் ஒவ்வொரு குவளையாக அளந்து கொட்டினார். நானூற்று முப்பத்தோராவது குவளையில் நிரம்பியது. அந்த நேரம் பார்த்து யாரோ ஏசியைக் கூட்டி வைத்தார்கள். ஷோரூமில் பனி பெய்தது. மூன்று மாதம் கழித்து அங்கே வண்டி வாங்கியவர்கள் ஜன்னலை இறக்கினால்கூட ஒன்றிரண்டு மணி பறந்து போகும்.

"அப்பாவுக்குப் பெட்டியே கிடையாதுங்க. ரெண்டு வேட்டி, ஒரு துண்டு. அதை மடியில வச்சிக்கலாம்" என்றாள் மனைவி, தலையில் விழுந்த மணிகளைத் தட்டியபடி.

"விஷயம் அது இல்ல. நானூத்தி எண்பதுன்னு போட்டிருக்கான்."

அந்த விளம்பரப் புத்தகத்தின் மேலேயே, பையிலிருந்த ரப்பர் அச்சை எடுத்து 'முத்திரை மறுக்கப்பட்டது' என்று குத்திக் கொடுத்தார். கழுத்துப்பட்டைக்காரன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

இரண்டாவது, காட்டுக்கென்றே பிறந்ததாகச் சொல்லப்பட்ட வண்டி. பேருந்துக்கு இருப்பதுபோல அடியில் தனி இரும்புச் சட்டம், நாலு சக்கரத்துக்கும் விசை, ஏறுவதற்கு ஏணி வைக்காத குறை. சுவர் நிறைய ஒட்டிய படத்தில் அது ஒரு கூர்மையான பாறை நுனியில் நின்றுகொண்டிருந்தது. எந்த வழியாக ஏறியது என்று முத்திரை கேட்டார். விற்பனையாளன் விசாரித்துவிட்டு வந்து, கிரேன் வழியாக என்றான். இருக்கைகள் மடக்கினால் சமதளம் என்றார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பதினோரு டிகிரி சரிவு. மைத்துனனைப் படுக்க வைத்துக் கரடுமுரடான காலி மனையில் ஓட்டினார். மைத்துனன் ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு. படுத்தவன் சறுக்கிச் சறுக்கி, கடைசியில் பாதம் இரண்டும் முத்திரையின் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அத்தான், எங்கப்பா என்னைவிட எட்டு விரக்கடை குட்டை. ஒரு மெத்தையைச் சுருட்டி வச்சா சரிவு போயிடும். இதையே எடுத்துடலாம்."

"சமதளம்னு சொன்னாங்கடா."

"நாம மெத்தை வச்சிக்கலாங்கிறேன்."

"மெத்தை வைக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கணும்ல."

மூன்றாவது, பள்ளிக்கூடமும் கடைவீதியும் போவதற்கான சாதுவான குடும்ப வண்டி. மலையேறும் உடை மட்டும் போட்டிருந்தது. மூன்றாவது வரிசையில் பெரிய மகளை உட்கார வைத்தார். அவள் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன.

"அது குழந்தைங்களுக்கு சார்" என்றாள் விற்பனைப் பெண்.

"எந்த வயசுக் குழந்தைக்கு?"

அவள் யோசித்தாள். "காலை எங்கயாவது வச்சிட்டு வரத் தெரிஞ்ச குழந்தைக்கு" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். முத்திரைக்கு அவளைப் பிடித்திருந்தது. இருந்தாலும் அச்சைக் குத்தினார்.

"அப்பா, நான் காலை மடக்கிக்கிறேன். தாத்தா வந்தா போதும்" என்றாள் மகள்.

"மலைப்பாதை பதினோரு கிலோமீட்டரும் மடக்குவியா?"

"மடக்குவேன்."

முத்திரை அதை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

நான்காவதில் ஒரு திருகு இருந்தது. சேறு, மணல், பனி என்று திருப்பினால் வண்டி அதற்கேற்ப மாறிக்கொள்ளுமாம். சேற்றுக்குத் திருப்பினார். திரையில் சேற்றின் படம் வந்தது. விசை எப்போதும்போல முன் சக்கரத்துக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்தது. மணலுக்குத் திருப்பினார். மணல் படம் வந்தது, கூடவே ஒரு ஒட்டகம். அந்த ஒட்டகத்தை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாவதும் ஆறாவதும் இதே கதைதான்; அளந்ததில் ஒன்று பதினெட்டு மில்லிமீட்டரும் இன்னொன்று இருபத்தைந்து மில்லிமீட்டரும் உதைத்தன.

இதற்கிடையில் மூன்று மாதம் ஓடிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் மாமனார் போனில் கேட்பார். முதலில் வாய் நிறையக் கேட்டார். பிறகு இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"என்ன மாப்ள... எத்தனை குறைஞ்சுது?"

"இருபத்தஞ்சு குறையுது மாமா."

"அடப் பாவி... இருபத்தஞ்சா. குத்துங்க அச்சை."

மனைவி போனைப் பிடுங்காத குறையாக வாங்குவாள். "அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா. ஏதோ ஒண்ணை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"அவசரப்படுத்தாதம்மா... மாப்பிள்ளை அளந்துட்டு வரட்டும். அளக்காம... எதுலயும் கால் வைக்கக் கூடாது."

அதற்குமேல் அவள் என்ன சொல்வாள். முன்னறையில் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துகொள்வாள். வீட்டில் அவள் தைப்பது மற்றவர்களுக்கான துணி. ஆனால் அந்த மாதம் ஒரு நீளமான மெத்தை தைத்தாள். இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கப் பட்டைப் பிடிகள் வைத்து, தலைப்பக்கம் ஒரு சின்னத் தலையணையையும் சேர்த்துத் தைத்தாள். அதைச் சுருட்டிக் கதவோரம் சாய்த்து வைத்தாள். வீட்டுக்கு வந்த வாடிக்கையாளர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

ஏழாவது வண்டியோடு எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் வீடே நினைத்தது. இருநூறு என்றார்கள், ஆட்களோடு இருநூறாகவே இருந்தது. காலியில் இன்னும் கூடுதலாம், அடக்கிச் சொல்லியிருந்தார்கள். படுக்கும் இடம் நூற்று எண்பது என்றார்கள், நூற்று எண்பது. ஏற்றத்தில் ஏறியது, இறக்கத்தில் நின்றது, முட்டளவு தண்ணீரில் இறங்கிக் கதவுக்குள் ஒரு சொட்டு விடாமல் கரையேறியது. வித்தியாசக் கட்டத்தில் வரிசையாகப் பூஜ்யம் போட்டுக்கொண்டே வந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விற்பனையாளனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனைவி வீட்டுக்குப் போன் போட்டு மெத்தையை எடுத்துவரச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் கிளம்பலாம் என்று ஏற்பாடு. வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. எப்படியும் ஒரு வாரம் தாங்கும்.

கையெழுத்துப் போடும்போது விளம்பரப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முத்திரை ஒருமுறை புரட்டினார். 'பதினொரு குவளைத் தாங்கிகள்' என்று போட்டிருந்தது.

எழுந்து போய் எண்ணினார். பத்துதான் இருந்தது.

"பதினொண்ணாவது எங்க தம்பி?"

விற்பனையாளன் வேர்த்து விறுவிறுத்துத் தேடினான். கடைசியில் ஓட்டுநர் கதவில் இருந்த ஒரு சின்னப் பள்ளத்தைக் காட்டினான். முத்திரை பையிலிருந்து ஒரு குவளையை எடுத்து வைத்தார். குவளை சாய்ந்தது. இன்னொருமுறை வைத்தார். இன்னொருமுறை சாய்ந்தது.

"என்னங்க" என்றாள் மனைவி. அவள் குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "அப்பா டீ குடிக்கிறதையே நிறுத்தி ஒரு மாசம் ஆவுது. எறங்க மாட்டேங்குதாம்."

"பதினொண்ணுன்னு ஏன் போடணும்? பத்துன்னு போட்டிருந்தா நான் ஏதாவது சொல்லியிருப்பேனா?"

"சொல்லியிருக்க மாட்டீங்க."

"இதுல பொய் சொல்றவன் பிரேக்குல சொல்ல மாட்டான்னு என்ன நிச்சயம்? அதுல உங்கப்பாவைப் படுக்க வச்சி நான் எப்படி மலையெறக்குவேன்?"

வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தது அவருக்கு மட்டும்தான். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் வாசலுக்குப் போனாள். அங்கே மைத்துனன் மெத்தைச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

"திருப்பி வைடா தம்பி" என்றாள்.

மழை ஒரு வாரம் தாங்கவில்லை. மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டது. ஓடை பெருகி டிராக்டர் நின்றுபோனது. மலையிலிருந்து வந்த கடைசி ஞாயிற்றுக்கிழமைப் போனில் மாமனார் ஒரு எண்ணை மட்டும் சொன்னார்: அன்றைய மழையளவு. யாரோ அளந்து வந்து அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். முத்திரை எதற்கும் அதையும் எழுதிக்கொண்டார்.

ஒன்பது நாள் கொட்டிவிட்டு மழை ஓய்ந்தது. அதற்கு மறுநாள் காலை, நிலையத்தில் புதிதாக வந்திருந்த உதவியாளர் போன் செய்தார். விடிகிற நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது என்றார். உங்களுக்கு வர வண்டி இருக்கிறதா என்று கேட்டார்.

முத்திரை போனைப் பிடித்தபடி நின்றார். மைத்துனன் அவர் கையிலிருந்து அதை வாங்கி, ஒரு வார்த்தை பேசி வைத்துவிட்டு, வேறொரு எண்ணைக் கூப்பிட்டான். அரை மணி நேரத்தில் அமரர் ஊர்தி வாசலில் வந்து நின்றது.

பழைய வேன். பின் சக்கரத்துக்கு மட்டும் விசை. டயர்கள் முத்திரையின் தலையைப் போல வழுக்கையாக இருந்தன. நடுவில் நீளமாக ஒரு தகரத் தட்டு, இரண்டு ஓரத்திலும் பலகை இருக்கை. ஓட்டுநர் பெரிய மீசைக்காரர், சாவதானமான ஆள்.

"இந்த வண்டி மேல ஏறுமா?" என்று முத்திரை கேட்டார்.

"மாசத்துக்கு ரெண்டு வாட்டி ஏறுது சார். மேலயும் ஆளுங்க சாகத்தானே செய்றாங்க."

ஓடை வந்தது. ஓட்டுநர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு குச்சியோடு நடுவரை போய்விட்டு வந்து, "முட்டிக்குக் கீழதான்" என்று சொல்லிவிட்டு ஓட்டினார். குறுகலான இடத்தில் கண்ணாடியை மடக்கிக்கொண்டார். ஒன்பதாம் வளைவில் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பேச்சைக்கூட அவர் நிறுத்தவில்லை. யாருடைய மருமகன் யாருடைய சாவுக்கு வரவில்லை என்ற ஒரு நீண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமனார் பாதியாக இளைத்திருந்தார். மனைவி தைத்த மெத்தையில் வைத்துப் பட்டைகளைப் பிடித்துத் தூக்கினார்கள். இரண்டு பக்கமும் பாரம் ஒரே மாதிரி இருந்தது, எங்கும் இழுக்கவில்லை. தட்டில் வைத்தபோது தலைக்கும் காலுக்கும் அப்பால் இடம் மிச்சமிருந்தது. பலகையில் குடும்பம் உட்கார்ந்தது. சின்ன மகள் தாத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி இறங்கத் தொடங்கியதும் மனைவி கையை நீட்டினாள்.

"அந்த நோட்டைக் குடுங்க."

கொடுத்தார். அவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள். பாதையின் அளவு. பிறகு இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். துணி வெட்டுவதற்கு முன் அளவுச் சீட்டைப் பார்க்கும் அதே பார்வை. ஒரு விரலை முதல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மற்றொரு கையால் புரட்டினாள்.

"கல்லு நூத்தி எழுபத்தஞ்சு. மொதல் வண்டி நூத்தி எம்பத்து மூணு."

"ஆனா அவன் சொன்னது இருநூத்திப் பத்து."

"போயிருக்கும்ல."

அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"ரெண்டாவது இருநூத்தி இருபத்தொண்ணு. போயிருக்கும். படுக்கிற எடம் நூத்தி எழுபத்தொண்ணு, அப்பா நூத்தி அறுபத்தெட்டு. மூணாவது நூத்தி எழுபத்தெட்டு. மூணு மில்லிமீட்டர் மிச்சம். போயிருக்கும். நாலாவது நூத்தி எம்பத்தொண்ணு." அவள் நிறுத்தாமல் ஏழு பக்கமும் வாசித்தாள். ஓடையின் ஆழம், பாதையின் அகலம், ஏற்றம் என்று ஒவ்வொன்றையும் அதனதன் பக்கத்தில் வைத்தாள். குரலில் கோபம் இல்லை. "ஏழும் போயிருக்கும்ங்க. சட்டை ஒடம்புக்குச் சேருதான்னுதான் பாக்கணும். நீங்க டேப்பு சரியா இருக்கான்னு நாலு மாசம் பாத்துட்டீங்க."

மைத்துனன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முத்திரை நோட்டை வாங்கினார். அவள் கணக்கில் எங்காவது பிழை இருக்கிறதா என்று பார்த்தார். முதல் பக்கத்துக்கும் இரண்டாம் பக்கத்துக்கும், முதல் பக்கத்துக்கும் மூன்றாம் பக்கத்துக்கும் போய்ப் போய் வந்தார். நாலு மாதத்தில் ஒருமுறைகூட அவர் திரும்பிப் பார்க்காத முதல் பக்கம். அவருடைய கையெழுத்துதான், தெளிவாக, எண்ணுக்கு எண் இடைவெளி விட்டு எழுதியிருந்தது. பிழை எதுவும் அகப்படவில்லை.

"இந்த வண்டியையும் எழுதிக்கோங்க" என்றாள் மனைவி. கிண்டலாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. "எட்டாவது. அப்பா இருந்தா கேட்டிருப்பாரு."

அவர் புதுப் பக்கத்தைத் திருப்பிக் கட்டம் போட்டார். வண்டி ஆடியதில் கோடு கோணலாக வந்தது. பிறகு ஓட்டுநரிடம் கேட்டார்.

"இது தரையிலேருந்து எவ்வளவு ஒசரம்?"

"பாத்ததில்லைங்களே."

"விக்கும்போது ஏதாவது சொல்லியிருப்பாங்களே. புத்தகத்துல போட்டிருப்பாங்க."

"இந்த வண்டிக்கு யாரு சார் புத்தகம் போடப் போறா" என்றார் ஓட்டுநர்.

முத்திரை முதல் கட்டத்தில் பேனாவை வைத்தார். நிறுவனம் சொன்னது. அதில் எழுத ஒன்றும் இல்லை. அவர் பேனாவை எடுக்கவும் இல்லை. கீழே அடிவாரம் வரும்வரை மை ஊறி ஊறிப் பெரிதாகி, அந்தத் தாளைத் தாண்டி அடுத்த தாளுக்கும் இறங்கிக்கொண்டிருந்தது.